வீரம்மா கிள்ளிய கட்டைச் செடி

வீரம்மாவுக்குக் கோபம் வந்தால் முதலில் விரல்கள்தான் துடிக்கும். வலது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தாமாகவே உரசிக்கொள்ளும், எதையோ கிள்ளுவதுபோல. அதற்குப் பிறகுதான் வாய் திறக்கும். திறந்தால், போளூர் மேட்டில் நிற்கிற பஸ்ஸுக்குள் இருப்பவர்கள்கூட ஜன்னலை இறக்கிவிட்டுக்கொள்வார்கள்.

கோபம் எங்கே ஆரம்பித்தது என்று கேட்டால் அவளே தடவைக்கு ஒன்று சொல்வாள். இலங்கையில், பதுளைப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டின் கூலிகள் வரிசை வீடான லயத்தில் பிறந்தவள். பன்னிரண்டு வயதில் முதுகில் கூடை. முப்பத்தைந்து வயதுவரை கொழுந்து பறித்தவளை, உன் நாடு இந்தியா என்று யாரோ தாளில் எழுதிக் கப்பலில் ஏற்றினார்கள். 1973இல் இராமேஸ்வரத்தில் இறங்கியபோது இடுப்பில் மூன்று வயது லீலா, தலையில் ஒரு தகரப் பெட்டி, பக்கத்தில் புருசன் பெரியண்ணன். மண்டபம் முகாமில் இருந்தவர்களிடம், மலையில் தோட்ட வேலை இருக்கிறது என்று ஒருவன் ஆள் சேர்த்தான். தோட்டம் என்றால் தேயிலை என்றுதான் அவர்கள் நினைத்தார்கள். லாரி கொடைக்கானலைத் தாண்டி, பூம்பாறையைத் தாண்டி, போளூரில் கொண்டுபோய் இறக்கியது. சுற்றிலும் படிப்படியாகப் பூண்டு வயல். கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஒரு தேயிலைத் தூர் கிடையாது.

“அங்க இருந்தவரைக்கும் இந்தியாக்காரி. இங்க வந்தா சிலோன்காரி. எனக்கு ஒரு ஊரைச் சொல்லிப்புட்டு அப்புறம் என்னைய வேலை வாங்குங்கடா” என்று லாரிக்காரனிடம் கத்தியதுதான் போளூரில் அவள் பேசிய முதல் வார்த்தை.

வேலை கொடுத்தவர் திருமலைச்சாமி. ஊரில் பெரிய வீடு, பூண்டு, பீன்ஸ், உருளைக்கிழங்கு, எட்டு மாடு. வாசலில் நின்று கூப்பிட்டால் கூலியாள் கொல்லைப்புறமாகச் சுற்றி வரவேண்டும். காப்பி கேட்டால் அவர் மனைவி பாப்பம்மாள் தேங்காய்ச் செரட்டையில் ஊற்றுவாள், கை படாத உயரத்திலிருந்து. லயத்தில் துரைமார் திட்டியது உண்டு, கங்காணி அடித்ததும் உண்டு. செரட்டை அவளுக்குப் புதிது. முதல் நாள் அந்தக் காப்பியை அப்படியே மாட்டுத் தொட்டியில் கொட்டிவிட்டு வந்தாள். இரண்டாம் நாள் குடித்தாள். ஐப்பசிக் குளிருக்கு வேறு வழியில்லை. குடித்ததற்காகத் தன் மேலேயே வந்த எரிச்சலில் அன்றைக்கு இரண்டு ஆள் வேலையைச் செய்தாள்.

பூண்டு வயலுக்கு மேலே சீகை மரக்காடு. அதற்குள் நடந்தால் சரிவில் ஒரு புறம்போக்கு. அங்கே திருமலைச்சாமி கஞ்சா போட்டிருந்தார். ஊரில் தெரியாதவர் இல்லை. நம்பகமான ஆட்களை மட்டும் “மேல்காட்டுச் சோலி” என்று அனுப்புவார். ஊரில் சொந்தபந்தம் இல்லாத ஆள், போய்ச் சொல்லுவதற்கு இடமில்லாத ஆள் என்றால் அவர் கணக்கில் நம்பகம். வீரம்மா அதில் சேர்ந்தாள். கூடவே, கேட்பார் இல்லாத இருளாயி என்ற உள்ளூர் விதவை.

அப்போது இருந்தது நெட்டைச் செடி. ஒன்றரை ஆள் உயரம், விரலை விரித்தாற்போல ஊசி இலை, மார்கழி தாண்டித்தான் பூ முற்றும். அதற்குள் ஐப்பசி மழையும் காற்றும் பாதியைச் சாய்த்துவிடும். மிஞ்சியதை வெட்டித் திருமலைச்சாமி தன் வீட்டுப் பரணில் காயவைப்பார். மலைப்பூண்டைக் கட்டுக்கட்டாகத் தொங்கவிட்டு அடுப்புப் புகையில் காயவைக்கிற பரண் அது. புகையும் பூண்டும் சேர்ந்த வாடையில் நெட்டையின் காய்ந்த புல் வாடை காணாமல் போய்விடும். பரணுக்கு ஏறும் ஏணி அடுப்படிக்குள் இருந்தது.

1977இல் செண்பகனூரில் வாடகைக்கு இருந்த தாடிக்கார வெள்ளைக்காரன் ஒருவன் மேல்காட்டைப் பார்க்க வந்தான். இப்பி என்று ஊரில் சொல்வார்கள். செருப்பில்லாமல் நடப்பான், ஆனால் பல்லைத் தங்கத்தில் கட்டியிருந்தான். நெட்டையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டு, போட்டோ பிலிம் வருகிற சின்ன டப்பா ஒன்றைத் திருமலைச்சாமி கையில் வைத்தான். வடக்கே, பனிமலைக்கு அந்தப் பக்கத்து விதை. டப்பாவில் நாற்பது இருந்தன.

திருமலைச்சாமி அந்த நாற்பதையும் தன் கையாலேயே நட்டார். முளைத்தது இருபத்தெட்டு. தினம் போய்ப் பார்ப்பார், மூத்த மகன் குமாரவேல் பிறந்தபோது பிரசவத்துக்குக்கூட அவர் இப்படிப் போய் நின்றதில்லை என்று பாப்பம்மாளே சொன்னாள். ஆடி மாதம் ஒரு நாள், செடி முழங்கால் உயரம் வந்ததும் வீரம்மாவையும் இருளாயியையும் களையெடுக்கக் கூட்டிப்போனார்.

இருளாயி தன் நாத்தனாரைப் பற்றி ஒரு கதை ஆரம்பித்தாள். நல்ல கதை. கேட்டுக்கொண்டே வீரம்மா ஒரு கையால் களை பிடுங்கினாள். இன்னொரு கை சும்மா இருக்கவில்லை. இருபத்து மூன்று வருடம் இரண்டு இலை, ஒரு மொட்டு என்று பழகிய கை அது. இடுப்பு உயரத்துக்குக் கீழே பச்சையாக ஒரு துளிர் நின்றால் அதற்கு வேறு எதுவும் தெரியாது. நாத்தனார் கதை முடியும்போது வரிசையும் முடிந்திருந்தது. வீரம்மா மடியில் ஒரு பிடித் துளிர்.

இருளாயிதான் முதலில் பார்த்தாள். “ஏக்கா! என்னக்கா பண்ணித் தொலைச்ச? அத்தனைக்கும் மொட்டை போட்டு விட்டிருக்கியே!”

வீரம்மா மடியைப் பார்த்தாள். திரும்பி வரிசையைப் பார்த்தாள். இருபத்தெட்டுச் செடிக்கும் தலை இல்லை. மட்டக்கம்பு வைத்து அளந்து பறித்த தேயிலைபோல ஒரே உயரத்தில் நின்றன.

சீகை மரத்துக்குப் பின்னால் ஒன்றுக்குப் போயிருந்த திருமலைச்சாமி அப்போதுதான் திரும்பி வந்தார். “ஏ சிலோன்காரி! ஒங்கப்பன் வீட்டுத் தேயிலைன்னு நெனச்சியாடி?” என்று ஒரு மண்கட்டியை எடுத்து வீசினார். அது அவள் தோளில் பட்டு உடைந்தது.

“கிள்ளுனது தப்பு. அதுக்குச் சத்தம் போடு, கேட்டுக்கிறேன்” என்றாள் வீரம்மா. “மண்ணை வீசுனா நானும் வீசுவேன்.” சொன்னதோடு நிற்கவில்லை. அவள் வீசிய கட்டி அவர் துண்டை உரசிக்கொண்டு போனது. குறி தப்பியதற்காக அவள் இன்றுவரை வருத்தப்படுகிறாள்.

மூன்று வாரம் வேலை இல்லை. பெரியண்ணன் சீகை மரம் வெட்டப் போய்க் கொண்டுவந்த கூலியில் அரைக் கஞ்சி குடித்தார்கள். நான்காவது வாரம் ஒரு காலையில் திருமலைச்சாமி அவர்கள் குடிசைக்கு எதிரே, பாதையின் அந்தப் பக்கத்தில் வந்து நின்றார். வீரம்மா வாசலில்தான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்க்காமல் உள்ளே பார்த்துப் பேசினார்.

“ஏலே பெரியண்ணா. ஒம் பொஞ்சாதிய நாளைக்கு வெள்ளனே வரச் சொல்லு.”

அவர் போனதும் வீரம்மா கேட்டாள். “எதுக்காம்?”

மரம் வெட்டும் இடத்தில் சேதி கேட்டிருந்த பெரியண்ணன் சிரித்தான். “கிள்ளுன எடத்துல ரெண்டு ரெண்டாக் கெளை விட்டிருக்காம். அதையும் கிள்ளணுமாம்.”

அப்படித்தான் மேல்காடு அவள் கைக்கு வந்தது. வேறு யாரும் செய்யாத முறை அது. போளூர் ஆட்களுக்குச் செடி என்றால் விதை போட்டுக் காய் பறிப்பது. தேயிலைக்காரிக்குச் செடி என்றால் உயரவிடாமல் அமர்த்தி, பக்கவாட்டில் பரப்பி, மட்டமாக வைத்துக்கொள்வது. எஸ்டேட்டில் கவ்வாத்து வெட்டுவார்களே, அந்தக் கணக்கு.

மறு வருடமே நெட்டையின் ஆண் பூந்தூள் காற்றில் வந்து புதுச்செடியில் விழுந்து விதை பிடித்தது. அந்த விதையில் முளைத்தது எல்லாம் கலப்பு. சிலது தாய்போல, சிலது தகப்பன்போல. அப்பன் ஜாடையில் ஓங்கியதையும், ஆத்தாவைப்போல மழைக்கு முன்னே முற்றினாலும் மூடுபனியைத் தாங்காததையும் வீரம்மா கழித்துவிடுவாள். ஐந்தாறு வருடத்தில் ஒரு செடி நிலைத்தது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் கட்டை.

கட்டை வீரம்மாவின் மார்புயரத்தைத் தாண்டாது. அடித்தண்டு பெருவிரல் பருமன், கணுவுக்குக் கணு நெருக்கம். இலை அகலமாக, கறுத்த பச்சையாக, விரல் தடித்த ஆம்பிளைக் கை மாதிரி இருக்கும். மேல்பாதிப் பூ கெட்டியாக உருண்டு நிற்கும், புரட்டாசிப் பனி இறங்கியதும் ஓரத்தில் கத்தரிக்காய் நிறம் ஏறும். அகலமும் கட்டையும் பனிமலைத் தாயின் சொத்து. ஆனால் பூவின் மேல்நுனி கொஞ்சம் நீண்டு கிளம்புவது பழைய நெட்டையின் ரத்தம். மழைக்கு முன்பே முற்றிவிடும். கெட்டிப் பூ என்பதால் மூடுபனி மூன்று நாள் நின்றால் உள்ளே பூசணம் பிடிக்கும், வெளியே தெரியாது. வீரம்மா பூவை அமுக்கிப் பார்த்தே சொல்வாள். எல்லாவற்றுக்கும் மேலே வாடை. பழுத்துப் பிளந்த பலாப்பழத்தை மண்ணெண்ணெயில் போட்டாற்போல ஒரு வாடை. சேலையில் ஏறினால் மூன்று துவைப்புக்குப் போகாது. பஸ்ஸில் லீலா அம்மாவுக்குப் பக்கத்தில் உட்காரமாட்டாள்.

“இந்த நாத்தம் ஒருநாள் ஆளைக் காட்டிக் குடுக்கும் மொதலாளி. இதைப் பரண்ல போடாதீங்க, பூண்டுக்கு இது அடங்காது” என்று அவள் ஒருமுறை சொன்னாள்.

“கிள்ளுறது ஒஞ் சோலி. அதைப் பாரு” என்றார் அவர்.

குடித்தால் என்ன செய்யும் என்பதை அவள் தன் வீட்டிலேயே பார்த்தாள். அவள் ஒருநாளும் தொட்டதில்லை. 1981இல் சீகை மரம் சரிந்து பெரியண்ணனின் இடுப்பெலும்பு நொறுங்கியது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு அனுப்பியபிறகு குச்சி ஊன்றி வாசல்வரை வருவான், அவ்வளவுதான். வலி தாங்காமல் கத்துவான். திருமலைச்சாமி ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பினார். நெட்டையை முன்பு எப்போதாவது இழுத்தால் பெரியண்ணன் ஓயாமல் பேசுவான், சிரிப்பான், பிறகு யாரோ தன்னைப் பார்க்கிறார்கள் என்று கதவைச் சாத்துவான். கட்டை வேறு மாதிரி. அது காலிலிருந்து ஏறும். முதலில் வலி போகும். அடுத்தது பசி வரும், பானையில் இருக்கிற சோறு முழுதும் போகும். கடைசியில் ஆளே போய்விடுவான். கண் சிவந்து, உதட்டில் ஒரு சின்னச் சிரிப்போடு, மூட்டைபோலக் கிடப்பான். கூரை ஒழுகுகிறது என்றால் “ஒழுகட்டும் புள்ள” என்பான். லீலாவைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தவேண்டியிருக்கிறது என்றால் “எல்லாம் சரியாப் போகும்” என்பான்.

வலி போனதில் அவளுக்குச் சந்தோஷம்தான். வீட்டில் கோபப்பட இன்னொரு ஆள் இல்லாமல் போனதுதான் பாரமாக இருந்தது. இரண்டு பேர் படவேண்டிய கோபத்தை அவள் ஒருத்தியே பட்டாள்.

இதற்கு நடுவில் இன்னொன்று நடந்தது. 1984இல் கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டில், மதுரைப் பக்கத்துக் காலேஜ் பையன்கள் இரண்டு பேர் ஒரு பொட்டிக்கடையில் “வீரம்மா இருக்கா?” என்று கேட்டதை அவள் காதால் கேட்டாள். கடைக்காரன் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தான். விசாரித்தால் ஊர் முழுக்க அந்தச் சரக்குக்கு அதுதான் பெயர். வைத்தது திருமலைச்சாமி. அன்றைக்கு முதல் நிமிடம் தனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது என்பதை நினைத்தால்தான் அவளுக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வரும். இரண்டாவது நிமிடம் புரிந்துவிட்டது. அவர் தன் பெயரை வைக்காமல் இவள் பெயரை ஏன் வைத்தார் என்று. பிடிபட்டால் இவள்தான் மாட்டவேண்டும்.

நேரே போய், “எதுக்கு எம் பேரு?” என்று கேட்டாள். “ஒம் பேரை வச்சா நல்லா இருக்குமா, எம் பேரை வச்சா நல்லா இருக்குமா?” என்று அவர் சிரித்தார். “ஒன் கை ராசிக்கு மருவாதை செஞ்சா, அதுக்கும் எகிறுறியே.”

மறு வருடக் கடைசியில் புதுச் சட்டம் வந்தது. முன்பெல்லாம் பிடித்தால் அபராதம், கொஞ்ச நாள் ஜெயில். இப்போது செடி வளர்த்தாலே ஐந்து வருடம்வரை என்றார்கள். அதற்கடுத்த ஐப்பசியில், 1986இல், யாரோ எழுதிய மொட்டைக் கடிதத்தை வைத்துக்கொண்டு மலைக்குக் கீழேயிருந்து ஒரு ஜீப் வந்தது. இன்ஸ்பெக்டர் ஞானவேல், ஒரு ஏட்டு, நான்கு போலீஸ். பாதிச் செடி ஏற்கெனவே வெட்டிப் பரணுக்குப் போயிருந்தது. மீதி மேல்காட்டில் நின்றது. அதற்கு நடுவில், பூவை அமுக்கிப் பூசணம் பார்த்தபடி வீரம்மா நின்றாள். இருளாயி அன்றைக்குக் காய்ச்சலில் வரவில்லை.

பஞ்சாயத்துக் கட்டட வாசலில் பெஞ்சு போட்டு விசாரணை. ஊரே கூடிவிட்டது. திருமலைச்சாமி வெள்ளைச் சட்டை மாற்றிக்கொண்டு வந்தார்.

“அந்த எடம் எம் பட்டா கெடையாது சார். புறம்போக்கு. எங்கிட்டக் கூலிக்கு வர்ற பொம்பளை. அங்க தனியா என்ன போட்டாளோ, எனக்கு எப்படித் தெரியும்?” என்றார். பிறகு வெட்டிப்போட்டிருந்த செடி ஒன்றைத் தூக்கிக் காட்டினார். “இதைப் பாருங்க. ஒவ்வொரு கெளையிலயும் நுனியைக் கிள்ளியிருக்கு. எங்க ஊர்ல எவனுக்குமே இந்த வேலை தெரியாது. இது தேயிலைத் தோட்டத்துக் கை. சிலோன் கை. சரக்குக்கே இவ பேருதான். கொடைக்கானல்ல எந்தப் பொட்டிக்கடையில வேணாலும் கேட்டுப் பாருங்க.”

ஞானவேல் மூக்கைச் சிந்தினார். மலை ஏறியதிலிருந்தே அவருக்குச் சளி. “ஏம்மா, நீ கிள்ளுனதா இது?”

வீரம்மா செடியைப் பார்த்தாள். பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் திருமலைச்சாமி, “ஒரு நிமிசம் பேசிக்கிறேன் சார், பாவம், வெவரம் தெரியாதவ” என்று அவளை ஓரமாக வரச்சொன்னார். அங்கே, யாரோ தூக்கிவந்து உட்காரவைத்திருந்த பெரியண்ணன் போர்வையைப் போர்த்திக் குச்சியோடு இருந்தான். பதினாறு வயது லீலா அழுதுகொண்டிருந்தாள்.

திருமலைச்சாமி குரலைத் தாழ்த்தினார். “வீரம்மா, ஆமான்னு ஒத்துக்க. பொம்பளைன்னு எரக்கப்பட்டு ஆறு மாசம் போடுவாங்க. ஒம் புருசனுக்குக் கஞ்சி எம் பொறுப்பு. லீலா கல்யாணத்தை நான் நின்னு நடத்துறேன். நான் உள்ள போயிட்டா ஒங்களுக்கு யாரு இருக்கா? யோசிச்சுப் பாரு.”

“அம்மா, ஆறு மாசமில்லம்மா. அஞ்சு வருசம்னு ஏட்டு சொல்றாரு” என்றாள் லீலா.

வீரம்மா புருசனைப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொல்வான் என்று பார்த்தாள். அவன் கண் சிவந்திருந்தது. உதட்டில் அந்தச் சின்னச் சிரிப்பு.

“மொதலாளி சொல்றதும்… ஒரு வகையில சரிதான புள்ள” என்றான் பெரியண்ணன் மெதுவாக. “கோவப்படாத. எல்லாம் சரியாப் போகும்.”

வீரம்மாவின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் உரச ஆரம்பித்தன.

“யோவ்!” என்றாள். கூட்டம் பின்னால் நகர்ந்தது. “யாருக்குய்யா சரியாப் போகும்? அஞ்சு வருசம் கழிச்சு வந்து பாத்தாலும் நீ இந்தச் சிரிப்போடதான் கெடப்ப. ஒம் பொண்டாட்டிய ஒருத்தன் ஜெயிலுக்கு விலை பேசுறான், நீ தலையை ஆட்டுற. ஒன்னைய நான் என்னத்தைச் சொல்ல. ஒனக்கு இந்தக் கருமத்தைக் கிள்ளி வளத்தவளே நாந்தான!”

அங்கிருந்து ஒரே நடையில் ஞானவேல் முன்னால் போய் நின்றாள்.

“நாந்தான் சார் கிள்ளுனேன். எல்லாச் செடியும் நாந்தான். இந்த மலையில வேற எவனுக்கும் இது வராது, அதையும் எழுதிக்கங்க. கூலிக்குக் கிள்ளுனேன். பூண்டுக் காட்டுல எந்தக் கூலியோ அதே கூலி. வெதை குடுத்தது தாடிக்காரத் தொரை, வாங்குனது இந்தாளு. இப்ப வெட்டுன பாதி எங்கன்னு கேக்க மாட்டீங்களா? இந்தாளு வீட்டுப் பரண்ல கெடக்கு. போய் மோந்து பாருங்க.”

திருமலைச்சாமி சிரித்தார். “பூண்டுதான் சார் கெடக்கு. வாங்க, தாராளமாப் பாருங்க.” பத்து வருடமாகப் பூண்டு காப்பாற்றிய தைரியம்.

கூட்டமும் பின்னாலேயே வந்தது. வீரம்மா வழக்கம்போல வாசலுக்கு வெளியே நின்றுகொண்டாள். ஞானவேல் அடுப்படிக்குள் போய் ஏணியில் நாலு படி ஏறி, பரணுக்குள் தலையை நீட்டினார். சுற்றிலும் பூண்டுக் கட்டுகள் தொங்கின. மூக்கை இழுத்துப் பார்த்தார். அவருக்கு எதுவும் தெரியவில்லை.

“பூண்டு மாதிரிதான் இருக்கு” என்று இறங்கினார்.

“அந்தச் சளி மூக்கை வச்சுக்கிட்டு என்னத்த மோந்தீங்க!” என்று வெளியேயிருந்து வீரம்மா கத்தினாள். “வேற யாரையாவது ஏறச் சொல்லுங்க சார்! மூக்கு இருக்கிற ஆளா!”

ஏட்டு தயங்கியபடி சொன்னார். “சார், நான் வாசப்படி ஏறும்போதே சொல்லணும்னு நெனச்சேன். வீடே நாறுது சார்.”

ஏட்டு ஏறினார். முன்வரிசைப் பூண்டுக்கட்டுகளை விலக்கினார். பின்னால் தலைகீழாகத் தொங்கியது எல்லாம் கட்டை. அவர் இருமிக்கொண்டே கீழே ஒரு கொத்தைப் போட்டார். அதில் ஒவ்வொரு கிளை நுனியும் கிள்ளியிருந்தது.

திருமலைச்சாமி ஒரு நொடிதான் தடுமாறினார். “பாத்தீங்களா, இதுவும் அவ கைதான். அவளே கொண்டாந்து வச்சிருப்பா சார். வேலைக்கு வர்றவ, உள்ள வெளிய போவா வருவா. நாங்க காட்டுக்குப் போன நேரமா ஏறி…”

அவர் முடிக்கவில்லை. அடுப்புக்குப் பக்கத்தில் நின்ற பாப்பம்மாளுக்கு அதுவரை கஞ்சா பெரிதாகப் படவில்லை. இது பட்டது. வாசலில் அவள் பங்காளி வீட்டுப் பெண்கள் அத்தனை பேரும் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

“என்ன பேச்சுப் பேசுறீக?” என்று புருசன்மேல் பாய்ந்தாள். “இவ எங்க அடுப்படிக்குள்ள வந்தாளா? பதிமூணு வருசமா இவ காலு எங்க வாசப்படியை மிதிச்சதில்ல. கொல்லையோட சரி. காப்பி கேட்டாலும் செரட்டையிலதான் ஊத்துவேன், ஊருக்கே தெரியும். எங்க வீட்டுச் சுத்தத்தைப் பத்திப் போலீசுக்கு முன்னாடி இப்படி ஒரு பழியச் சொல்றதுக்கு ஒங்களுக்கு வாய் எப்படி வந்துச்சு?”

திருமலைச்சாமி மனைவியைப் பார்த்தார். பாப்பம்மாள் தலையை நிமிர்த்தி வாசலில் நின்ற பங்காளிப் பெண்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு அப்போதும் விளங்கவில்லை.

வீரம்மாவுக்கு விளங்கியது. செரட்டையில் குடித்த ஒவ்வொரு மடக்குக் காப்பியும் நெஞ்சுக்குள் வந்து நின்றது. “அம்மா சொல்றது சத்தியம் சார்” என்றாள். அவள் குரல் முதல் தடவையாகத் தணிந்திருந்தது. “இந்த வீட்டுக்குள்ள என்னைய விட்டதே கெடையாது. இப்பவும் நான் வெளியதான் நிக்கிறேன், பாருங்க.”

ஞானவேல் மூக்கைச் சிந்திவிட்டு எழுதினார். பாப்பம்மாள் சொன்னதை அப்படியே எழுதி, கையெழுத்தும் வாங்கினார். “திருமலைச்சாமி, நீங்களும் ஏறுங்க.”

அவர் ஜீப்பின் முன்சீட்டுப் பக்கம் போனார். ஏட்டு பின்னால் கையைக் காட்டினார். உள்ளே எதிரெதிர்ப் பலகை. கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி திரும்பும்போதெல்லாம் இருவர் முழங்காலும் மோதின. பூம்பாறை தாண்டும்வரை வீரம்மா பொறுத்திருந்தாள்.

“தள்ளி உக்காருங்க மொதலாளி” என்றாள். “தீட்டுப் பட்டுறப் போகுது.”

ஏட்டு சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நியாயம் கிடைத்தது என்று யாராவது சொன்னால் வீரம்மா அதற்கும் கத்துவாள். திருமலைச்சாமி ஒன்பதாம் நாள் ஜாமீனில் வந்தார். வீரம்மாவுக்கு ஜாமீன் நிற்க நிலம் உள்ள ஆள் யாரும் இல்லை. தீர்ப்புவரை பத்து மாதம் உள்ளே இருந்தாள். தீர்ப்பில் அவள் கூலியாள் என்று எழுதினார்கள், இருந்த பத்து மாதத்தோடு விட்டுவிட்டார்கள். அவருக்கு இரண்டு வருடம். பாப்பம்மாளின் கையெழுத்துத்தான் அவரைக் கவிழ்த்தது. அப்பீல், அது இது என்று பாதியில் வெளியே வந்தார்.

அவள் திரும்பி வந்தபோது லீலா செண்பகனூரில் ஒரு வீட்டில் சமையல் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். பெரியண்ணன் குடிசையில் விழித்திருந்தான். பத்து மாதமாகத் திருமலைச்சாமி பொட்டலம் அனுப்பவில்லை. வலி திரும்பியிருந்தது, ஆள் பாதியாகியிருந்தான். அவளைப் பார்த்ததும் “இவ்வளவு நாளா எங்கடி போன, சோத்துக்குச் செத்துக்கிட்டிருக்கேன்” என்று கத்தினான். அவளும் கத்தினாள். பஞ்சாயத்துக் கட்டடத்து வாசலில் அவன் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் திருப்பிச் சொல்லிக் கத்தினாள். பதிலுக்கு அவன் ஊன்றியிருந்த குச்சியை வீசினான், அது அடுப்பில் விழுந்தது. பிறகு அவள் வென்னீர் போட்டு, அவன் இடுப்பில் எண்ணெய் தேய்த்துவிட்டாள். தேய்க்கும்போதும் திட்டு நிற்கவில்லை. இருவர் பக்கமும்.

1989 சித்திரையில் திருமலைச்சாமி வந்தார். முடி நரைத்திருந்தது. அதே பாதையின் அந்தப் பக்கத்தில் நின்றார். கட்டை முழுவதையும் போலீஸ் எரித்துவிட்டது. ஆனால் ஒரு டப்பா விதை எப்படியோ தப்பியிருந்தது. போட்டு முளைக்கவைத்திருந்தார், காட்டுக்குள் இன்னும் தள்ளி. குமாரவேல் கிள்ளிப் பார்த்தானாம், அவன் கை வைத்த செடியெல்லாம் கருகிப்போனதாம்.

“ஏலே பெரியண்ணா” என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். “ஒம் பொஞ்சாதிய நாளைக்கு…”

“நான் இங்கதான் உக்காந்திருக்கேன்” என்றாள் வீரம்மா. அவள் வாசலில் பீன்ஸ் நார் உரித்துக்கொண்டிருந்தாள். “என்னையப் பாத்துப் பேசு.”

அவர் அவளைப் பார்த்தார். “கூலி ரெண்டு மடங்கு தர்றேன்.”

உள்ளேயிருந்து பெரியண்ணன், “அந்தாளைப் போகச் சொல்லு புள்ள!” என்று குரல் கொடுத்தான்.

“நீங்க சும்மா கெடங்க, நான் பேசிக்கிறேன்” என்றாள் வீரம்மா. விரல்கள் உரசத் தொடங்கியிருந்தன. முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

“இங்க ரோட்டுல நின்னு கூப்புட்டா நான் பேசமாட்டேன். நாளைக்கு வெள்ளனே ஒன் வீட்டுக்கு வர்றேன். முன்வாசல் வழியா. அடுப்படியில பலகை போட்டு உக்கார வையி. ஒம் பொண்டாட்டி கையால, நீ குடிக்கிற பித்தளை டம்ளர்ல காப்பி குடு. மெதுவாக் குடிச்சு முடிச்சிட்டு, அப்புறம் சொல்றேன் வரமாட்டேன்னு.”